எளியோர் இல்லமும் தொண்டர் உழைப்பும்

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்கும், ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கும் செல்லும் சாலைகளை ஒட்டிய கிராமங்களைச் சற்று நின்று கவனிப்போருக்கு, கடந்த ஐம்பது ஆண்டுகளின் வீட்டு வசதிச் சரித்திரம் முழுவதும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்பது புலப்படும். பனையோலையோ கரும்புத் தோகையோ வேய்ந்த மண்சுவர்க் குடிசை ஒன்று. அதை அடுத்து ஓடு போட்ட பழைய வீடு. அதற்கும் அப்பால், சுவரில் திட்டத்தின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்ட தொகுப்பு வீடு. கடைசியில், அடித்தளம் வரை எழும்பி, கைப்பணம் தீர்ந்தமையால் நின்றுபோய், கம்பிகள் துருவேறிக் கிடக்கும் அரைகுறைக் கட்டடம். அரசாங்கம் பணம் தர இசைந்திருந்தும், குடும்பத்தார் உழைக்கச் சித்தமாக இருந்தும், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று இல்லாத காரணத்தால் ஒரு வீடு வீடாகாமலே நின்றுவிடுகிறது. அந்த ஒன்றைக் கூலி கருதாத தொண்டர்களால் நிரப்ப முடியுமா, முடியுமாயின் எவ்விதம் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம்.

பழைய மரபு

பிறர் வீட்டுக்குக் கூலியின்றி உழைப்பது இந்நாட்டார் மேல்நாட்டாரிடம் கற்ற பழக்கமன்று. கூரை மாற்றும் காலம் வந்தால் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடி, சிலர் கழி கட்ட, சிலர் ஓலை எடுத்துக் கொடுக்க, சிலர் மேலேறி வேய, பகற்பொழுது சாய்வதற்குள் ஒரு குடிசைக்குப் புதுக்கூரை போட்டுவிடுவதும், வீட்டுக்காரர் அனைவருக்கும் வயிறாரச் சோறிடுவதும், அடுத்தவர் வீட்டில் அதே வேலை வரும்போது அவர் தவறாமல் போய் நிற்பதும் நம் கிராமங்களில் வெகு காலம் நடந்துவந்தவை. ஏரி குளங்களைக் காத்த குடிமராமத்தும் இதே உணர்ச்சியில் பிறந்ததுதான். தானாக நடந்துவந்த அந்த வழக்கத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்க ஆங்கில ஆட்சி முற்பட்டது. எனினும் சட்டத்தின் பலத்தால் மராமத்து தழைத்துவிடவில்லை என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் நெசவாளர் தெருக்களை ஒட்டி, பாவு நீட்டுவதற்கென்று எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்ட பாவடி மைதானங்களைப் பார்க்கிறவர்கள், ஒரு தொழிலைச் சேர்ந்த ஜனங்கள் தங்கள் பொதுத் தேவைக்காக நிலத்தையே ஒதுக்கிக் காப்பாற்றிய விவேகத்தை உணர்வார்கள்.

ஆனால் இந்த மரபின் குறைகளையும் மறைக்கலாகாது. கைமாற்றாக உழைப்பைக் கொடுத்து வாங்கும் இவ்வழக்கம் பெரும்பாலும் ஒரே சாதிக்குள், ஒரே வளவுக்குள் அடங்கி நின்றது. ஊர்க்காரர் ஆதிதிராவிடர் காலனிக்குப் போய் ஓலை எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லக் காண்பது அரிது. அன்றியும், ஓலையும் மண்ணும் போய்ச் செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் வந்தபோது, வேலைக்குத் தேர்ந்த கையும் ரொக்கப் பணமும் தேவைப்பட்டன. அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் ஒன்றே போதாதாயிற்று. கூட்டுழைப்பு மெல்ல மெல்ல மறைந்ததற்கு மக்களின் மனம் குறுகியது மட்டும் காரணமன்று. கட்டடக் கலையே மாறியதும் காரணம்.

புதுப்பாளையத்துப் பாடம்

தொண்டு என்பதை ஒரு நாள் உற்சாகமாக அல்லாமல் வாழ்க்கை முறையாகவே கொண்ட ஒரு ஸ்தாபனத்தை இந்தச் சேலம், நாமக்கல் சமவெளி நூறாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவரும் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தவருமான ராஜாஜி, 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். படித்தவர்கள் பட்டணத்து வசதிகளை விட்டு வந்து, எளிய குடில்களில் சாதி வேற்றுமை பாராட்டாமல் வசித்து, வறட்சியால் வாடிய சுற்றுப்புறக் கிராமங்களில் நூற்பையும் நெசவையும் வளர்த்து, தீண்டாமை ஒழிப்புக்கும் மதுவிலக்குக்கும் உழைத்தார்கள். எழுத்தாளர் கல்கி இந்த ஆசிரமத்திலிருந்தே ‘விமோசனம்’ பத்திரிகைப் பணியில் ஈடுபட்டார். பின்னர் 1937ஆம் ஆண்டு அக்டோபரில் மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்ததற்கும் இந்தத் தொண்டின் அனுபவம் பின்னணியாக இருந்தது.

ஆசிரமம் வீடு கட்டும் சங்கமன்று. ஆயினும் நம் விஷயத்துக்கு அது தரும் பாடம் பெரிது. அங்கே தொண்டர்கள் வந்து போகவில்லை, வந்து தங்கினார்கள். எவருக்காக உழைத்தார்களோ அவர்களின் பஞ்சத்தையும் தண்ணீர்க் கஷ்டத்தையும் தாமும் அனுபவித்தார்கள். காந்தியடிகள் நிர்மாணத் திட்டம் என்று வகுத்ததன் ஜீவனே இந்த உடனுறைவுதான். ஒரு வாரம் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் உழைப்புக்கும், ஒரு கிராமத்தோடு ஆண்டுக்கணக்கில் பிணைந்து நிற்கும் உழைப்புக்கும் உள்ள தாரதம்மியத்தைப் பின்னால் வரும் உதாரணங்கள் தெளிவாக்கும்.

அரசாங்கம் செய்ததும் செய்யாததும்

தமிழ்நாட்டில் எளியோர் வீட்டு வசதிக்கு அரசாங்கம் செய்திருப்பவை சாமானியமானவை அல்ல. வீட்டுக்கு முந்தியது மனை. பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளி, அவரோடு சற்று மனவேற்றுமை ஏற்பட்டாலும் ஒரே நாளில் தெருவுக்கு வரும் நிலையில் இருந்தான். அந்தப் பயத்தை நீக்கி, குடியிருக்கும் மனைக்கு அவனையே உரிமையாளனாக்கியது 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டம். 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கென்று இப்போது தாட்கோ எனப்படும் கழகம் அமைந்தது. 1985இல் மத்திய அரசின் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமும், 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2011இல் 300 சதுர அடியில் சூரிய சக்தி விளக்குடன் கூடிய பசுமை வீடுகள் திட்டமும், 2016இல் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் கிராமப் பகுதியும் வந்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டமோ, 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வீதம், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாட்டை உண்டாக்க உத்தேசித்திருக்கிறது.

இவ்வளவும் இருக்க, தொண்டர்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். விடை, பணம் கைக்கு வந்து சேரும் முறையில் இருக்கிறது. அடித்தளம், ஜன்னல் மட்டம், தளம், முடிவு என்று கட்டம் கட்டமாக வேலையைப் பார்த்தபின் பணம் விடுவிக்கப்படுகிறது. மோசடியைத் தடுக்க இது தக்க ஏற்பாடுதான். ஆனால் முதல் கட்டத்தை முடிக்கவே கையில் முதல் இல்லாத குடும்பம் என்ன செய்யும்? வானம் தோண்டவும், கருங்கல் இறக்கவும், மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கவும் கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறது; அல்லது இருந்த குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, பிள்ளை குட்டிகளோடு உறவினர் திண்ணையில் மாதக்கணக்கில் ஒதுங்கியிருக்கிறது. பட்டாவில் பாட்டனார் பெயர் இருப்பதாலும், மனை புறம்போக்கில் இருப்பதாலும், கணவனை இழந்தவளின் பெயருக்கு வாரிசுச் சான்று கிடைக்காததாலும், பட்டியலிலேயே இடம்பெறாமல் போகும் குடும்பங்களும் உண்டு. தகுதியில் மிக எளியவர்களே காரியத்தில் கடைசியில் நிற்கிறார்கள் என்பது இந்தத் திட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான துயரம்.

இன்னொன்று, வீட்டின் அமைப்பு. மத்திய அரசுத் திட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவாகிய 25 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 269 சதுர அடி. சேலத்து அம்மாபேட்டையிலோ குகைப் பகுதியிலோ கைத்தறி நெய்யும் குடும்பத்துக்கு இந்த இடத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குழித்தறி. நெய்பவர் கால் மிதிக்கும் குழி. முன்னே பாவு நீண்டு செல்ல இடைவெளி. அருகே நூல் சுற்றும் ராட்டை. இவை போக மிஞ்சும் இடத்தில்தான் அடுப்பும் படுக்கையும். தளம் போட்ட வீட்டின் தரையைச் சிமெண்டால் மூடிவிட்டால், குழி எடுக்க மறுபடியும் அதையே உடைக்க வேண்டும். வறண்ட பூமியில் இரண்டு வெள்ளாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஆட்டுப்பட்டி அவசியம். தொழிலைக் கேட்காமல் வரைந்த வரைபடம், வீட்டைக் கொடுத்துப் பிழைப்பைப் பறித்துவிடக்கூடும். இதையெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கு ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளருக்கு அவகாசம் இல்லை; தொண்டருக்கு இருக்க வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

தொண்டர்களைக் கொண்டே வீடு கட்டுவதை உலகறிந்த இயக்கமாக்கியது ஹாபிடாட் பார் ஹியூமானிட்டி என்னும் ஸ்தாபனம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்த கொய்னோனியா பண்ணையில் கிளாரன்ஸ் ஜோர்டான் என்பவரின் சிந்தனையில் கருவாகி, மில்லார்ட் புல்லர், லிண்டா புல்லர் தம்பதியரால் 1976இல் உருப்பெற்றது. லாபமின்றி விற்பது, வட்டியின்றிக் கடன் தருவது, வீடு பெறும் குடும்பமே தன் உடலுழைப்பைப் பங்காகச் செலுத்துவது, திரும்பி வரும் தவணையைக் கொண்டு அடுத்தவர் வீட்டைக் கட்டுவது ஆகியவை அதன் ஆதாரக் கொள்கைகள். இந்தியாவில் 1983இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில் தொடங்கிய இதன் பணிக்கு, 2006ஆம் ஆண்டு லோனாவாலாவை அடுத்த மாளவலியில் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், எண்பது வயதைக் கடந்த நிலையிலும், சுமார் 2000 தொண்டர்களோடு ஒரு வாரம் நின்று நூறு வீடுகள் எழுப்ப உதவியது பெரும் புகழ் தந்தது. பார்ப்போர் வியக்கும் இந்த வேகத்துக்கு முன்னும் பின்னும் தேர்ந்த கொத்தனார்களின் பல வார உழைப்பு தேவைப்படுகிறது என்பதையும், தொண்டர் வாரத்தின் பலன் கட்டிய சுவர்களைக் காட்டிலும் அது திரட்டிய நிதியிலும் ஜனங்களின் கவனத்திலும்தான் அதிகம் என்பதையும் மறத்தலாகாது. அந்த ஸ்தாபனத்திடம் நாம் மேற்கொள்ளத்தக்கது சுழல்நிதியும், குடும்பத்தின் உழைப்புப் பங்குமே.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 1972இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய லட்சம் வீடு திட்டம், ஒவ்வொரு ஊராட்சியிலும் நூறு வீடு என்று லட்சியம் வகுத்து, பொதுமக்களின் நன்கொடையையும் தொண்டர்களின் உடலுழைப்பையும் துணையாகக் கொண்டது. நிலமற்றவர்க்கு முதன்முதலாகச் சொந்தக் கூரை கிடைத்ததாகிய அதன் பெருமை என்றும் குறையாது. ஆயினும் செலவைக் குறைப்பதற்காக ஒரே கூரையின்கீழ் ஒரு பொதுச்சுவரின் இருபுறமும் இரு குடும்பங்களைக் குடியேற்றியதன் விளைவு பின்னால் தெரிந்தது: ஒரு பக்கத்தார் பழுது பார்க்க விரும்பினாலும் மறுபக்கத்தாரின் கூரை தடையாக நின்றது. கட்டும்போது மிச்சமான சுவர், இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் இரட்டிப்புச் செலவாயிற்று.

தமிழ்நாட்டில் இத்துறையில் நம் உள்ளத்தை உருக்கும் உதாரணம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாருடையது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாக்கப்பட்ட செய்தி கேட்டு, அவரும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டார்கள். 1981இல் அவர்கள் நிறுவிய லாப்டி இயக்கம் நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தது. பெரும்பாலும் பெண்களின் பெயரிலேயே பத்திரம் பதிவாயிற்று. நிலத்துக்குப் பின் வீடு. மழையில் கரையும் மண்குடிசைக்கு மாற்றாகச் செங்கல் வீடு எழுப்பும் வேலையில் அம்மையார் முதுமையிலும் ஓயாது ஈடுபட்டார். வீடு பெறும் குடும்பத்தாரே கல் சுமந்தார்கள், மண் எடுத்தார்கள். இங்கே வரிசை முக்கியம்: முதலில் நில உரிமை, பிறகு குடும்பத்தின் உழைப்பு, அதன்பின்தான் வெளியாரின் உதவி.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அழித்த கடலோரத்தில் தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டியது தமிழர் கண்ட மிகப் பெரிய சோதனை. பல கிராமங்களில் அந்த வீடுகள் நன்றாகவே அமைந்தன. சில இடங்களிலோ, நின்ற பழைய வீடுகளும் நிழல் தந்த மரங்களும் அகற்றப்பட்டு, உறவுமுறையும் தொழிலும் பாராமல் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. குடியேறியவர்கள் முற்றத்தைத் தேடினார்கள். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் இந்திய அரசு மேற்கொண்ட 50,000 வீடுகள் திட்டம் வேறு வழியைக் காட்டியது. முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தக்காரர் மூலம் கட்டியபின், 2012 முதல் வீட்டுக்காரரிடமே பணத்தைத் தவணையாகக் கொடுத்து, ஆலோசனைக்கும் மேற்பார்வைக்கும் உதவி நிறுவனங்களைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வீட்டுக்கு இலங்கை நாணயத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கிடைத்தது. கதவு எந்தத் திசையில் இருக்க வேண்டும், சமையலறை எங்கே என்பதைக் குடும்பத்தார் தாமே தீர்மானித்தனர். இவ்விரு அனுபவங்களையும் ஒப்பிட்டு நோக்கின், தீர்மானிக்கும் உரிமை குடும்பத்திடம் இருக்கும்போதே வெளியார் உதவி பூரணப் பலன் தருகிறது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி விளங்கும்.

ஆட்சேபங்கள்

தொண்டர் உழைப்புக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் முதன்மையானது நியாயமானது: கூலியின்றி உழைக்க மாணவர் வந்தால், அன்றாடம் சட்டி சுமந்து பிழைக்கும் சித்தாள் எங்கே போவாள்? சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கட்டட வேலை பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. அத்தொழிலாளர்க்கென்று 1994இல் நல வாரியம் அமைந்ததும் நெடுங்காலப் போராட்டத்தின் பயனே. ஆகையால், கூலி கொடுத்துச் செய்விக்க வழியுள்ள வேலையில் தொண்டர் கை வைக்கலாகாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் உரிய கூலி உரியபடி போய்ச் சேர வேண்டும். மத்திய அரசுத் திட்டத்தில் வீடு பெறும் குடும்பத்துக்கே தன் வீட்டில் உழைத்த 90 நாளுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்துக் கூலி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கூலியை வாங்கித் தர உதவுவது, பத்து மாணவர்கள் பத்து நாள் கல் சுமப்பதைவிட மேலான தொண்டு.

இரண்டாவது, வேலையின் தரம். பழக்கமில்லாத கை வைத்த சுவர் தூக்குக்குண்டுக்கு ஒத்து நிற்காது. நீராற்றுதலில் சோம்பிய தளம் முதல் மழையிலேயே ஒழுகும். மூன்றாவது, உதவி பெறுவோரின் மானம். காலனிக்குள் இதுவரை கால் வைக்காத ஒருவர் திடீரென்று கொடையாளியாக வந்து நின்றால், வாங்குகிறவர் தலை குனிகிறார். ஆனால் அதே மனிதர் அவர்களோடு அமர்ந்து அவர்கள் வீட்டுச் சோற்றை உண்டு, அவர்கள் மேஸ்திரி சொன்னபடி மண்ணெடுத்தால், நம் சமூகத்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்த உழைப்பு முதன்முறையாக எதிர்த்திசையில் பாய்கிறது. இந்த ஒரு பயனுக்காகவே தொண்டர் உழைப்பைப் போற்றலாம் என்பது என் துணிபு.

செய்யத்தக்கது

இச்சமவெளிக்கு இயற்கையும் தொழிலும் அளித்திருக்கும் சௌகரியங்கள் அநேகம். ஊர்தோறும் செங்கல் சூளை, சங்ககிரியில் சிமெண்ட் ஆலை, மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலால் செய்யும் சாம்பற்கல், எங்கும் கருங்கல், இவற்றையெல்லாம் ஏற்றிச் செல்ல நாமக்கல் லாரிகள். கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியற் கல்லூரி. 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகத்தின்கீழ்க் கல்லூரிகள் பல. 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இன்று ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. ஆனால் அதன் முகாம் ஏழு நாள். ஆண்டுக்கு ஓர் ஊர். ஒரு வீட்டின் அடித்தளம் உலர்வதற்குள் மாணவர் ஊர் திரும்பிவிடுகின்றனர். இந்த ஏற்பாட்டைத் திருத்தி, ஒரு கல்லூரி ஓர் ஊராட்சியை மூன்றாண்டுக்காவது தன் பொறுப்பாக ஏற்பதே முதல் சீர்திருத்தம்.

அப்படி ஏற்றவர்கள் செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாண்டில் வீடு வீடாகச் சென்று பட்டா, வாரிசுச் சான்று, பட்டியலில் விடுபட்ட பெயர் ஆகியவற்றைச் சீர்செய்தல். மகளிர் குழுக்களோடு சேர்ந்து, அரசுப் பணம் வரும்வரை முதல் கட்டச் செலவுக்கு வட்டியின்றித் தந்து திரும்பப் பெறும் சுழல்நிதி ஒன்றை நிறுவுதல். குடும்பத்தின் தொழிலைக் கேட்டு, தறிக்குழிக்கும் ஆட்டுப்பட்டிக்கும் இடம் விட்டு வரைபடம் தயாரித்தல். முதியோரும் தனித்து வாழும் பெண்களும் கூலி கொடுக்க வழியின்றி நிற்கும் இடங்களில் மட்டும், வானம் தோண்டுதல், கல் இறக்குதல், தளத்துக்கு நீராற்றுதல் போன்ற வேலைகளை மேற்கொள்ளுதல்.

இறுதியாக, செலவு குறைக்கும் கட்டடக் கலையைக் கொத்தனார்களோடு சேர்ந்து பழகுதல். காந்தியடிகளின் உபதேசத்தால் ஈர்க்கப்பட்டுத் திருவனந்தபுரத்தில் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இதற்கு ஏற்றது. வழக்கமாகப் படுக்க வைக்கும் செங்கல்லை இதில் பக்கவாட்டில் நிமிர்த்தி, மூன்று அங்குலக் கல், மூன்று அங்குல வெற்றிடம், மீண்டும் மூன்று அங்குலக் கல் என்று அடுக்கி, இடையிடையே ஒரு கல்லைக் குறுக்கே வைத்துப் பிணைக்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவர் கிடைக்கிறது. கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று, சித்திரை மாதத்துச் சேலத்து வெயிலையும் ஓரளவு தடுத்து நிறுத்துகிறது. உள்ளூர்க் கொத்தனார் நாலு பேர் இதில் தேர்ச்சி பெற்றால், தொண்டர் போனபின்பும் அந்த வித்தை ஊரிலேயே தங்கி, கூலி வேலையாகவும் வளரும்.

ஆகவே, தொண்டர் உழைப்பால் வீட்டுச் செலவு எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு அதன் மதிப்பை அளப்பது போதாது. எத்தனை குடும்பங்கள் கந்துவட்டிக்குப் போகாமல் அடித்தளத்தைத் தாண்டின, எத்தனை பெண்கள் தங்கள் பெயரில் பட்டா பெற்றனர், எத்தனை கொத்தனார் புதிய வேலை கற்றனர், ஊருக்கும் காலனிக்கும் இடையிலிருந்த தூரம் எவ்வளவு குறைந்தது என்பவையே உண்மையான அளவுகோல்கள். பணத்தை அரசாங்கம் தரட்டும். முடிவைக் குடும்பம் செய்யட்டும். சுவரைக் கொத்தனார் உரிய கூலிக்கு எழுப்பட்டும். இம்மூவரையும் இணைத்து, வேலை நின்றுபோகாமல் கடைசிவரை உடனிருக்கும் பொறுப்பைத் தொண்டர் ஏற்றால், புதுப்பாளையத்தில் விதைக்கப்பட்ட சேவை மரபுக்கு இந்த இரு மாவட்டங்களும் உண்மையான வாரிசுகளாக விளங்கும்.